வடசென்னை ‘பாரம்பரியச் சுற்றுலா’ பேக்கேஜ்: முன்பணம் கட்டாதீர்கள்

பள்ளி லீவு விட்டதும் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ரயில் மியூசியம், ராயபுரம் ஸ்டேஷன், வழிகாட்டி, ஏசி வேன், மதியச் சாப்பாடு, எல்லாம் சேர்த்துத் தலைக்கு 750 ரூபாய். தயவுசெய்து பணம் அனுப்பிவிடாதீர்கள். நாங்கள் குடும்பத்தோடு போய் நொந்து வந்திருக்கிறோம்.

தண்டையார்பேட்டையில் ஏறினோம். வியாசர்பாடி தாண்டுவதற்குள் ஏசி நின்றுபோனது. சரி, அதைக்கூட விட்டுவிடலாம். நுழைவுச் சீட்டு என்று எங்களிடம் கொடுத்தது ஜெராக்ஸ் எடுத்த ஒரு துண்டுக் காகிதம். ஊதா மையில் மங்கலாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப், தேதிகூட இல்லை. கவுன்ட்டரில் இருந்தவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எங்க டிக்கெட் இல்லைங்க” என்றார். மியூசியத்தின்மேல் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். அங்கே யார் வேண்டுமானாலும் நேரில் போய்ச் சொற்பக் கட்டணத்தில் சீட்டு வாங்கலாம். நாங்களும் மறுபடி காசு கொடுத்து வாங்கித்தான் உள்ளே போனோம்.

எனக்கு அதிகம் வலித்தது வழிகாட்டி விஷயம்தான். “இங்கதான் ரயில் இன்ஜின் செய்யறாங்க” என்று பிள்ளைகளிடம் அளந்தார். என் அப்பா ஐசிஎஃப் ஷெல் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். “தம்பி, இங்க செய்யறது பெட்டி. 1955ல நேரு திறந்து வெச்சப்போ வெறும் கூடுதான் செஞ்சோம். உள்ள சீட்டு, ஃபேன் எல்லாம் பொருத்துற ஃபர்னிஷிங் 1962லதான் வந்துச்சு” என்றார். அந்த ஆள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ராயபுரம்தான் இந்தியாவின் முதல் ரயில் நிலையம் என்றும் சொன்னார். 1853லேயே பம்பாயிலிருந்து தாணேவுக்கு ரயில் ஓடிவிட்டது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். என் மகள் அவர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று.

அந்த ராயபுரம் ஸ்டேஷனிலாவது இறக்கிவிட்டார்களா என்றால், அதுவும் இல்லை. டிராஃபிக் என்று சொல்லி வேன் நிற்காமலே போய்விட்டது. சாப்பாடு, ஆறிப்போன லெமன் சாதப் பொட்டலம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “அடுத்த ட்ரிப்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்றார்கள். மறுநாள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். இதே ஆட்களிடம் பணம் கட்டியவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய ரசீது, அந்தத் துண்டுச் சீட்டு மூன்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு வேனே அனுப்பாமல் ஏமாற்றியிருந்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.