மாட்டுங்கா பிரளய வகுப்பு: எல்லார் கதைக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்

மும்பை மாட்டுங்காவில் ஒரு சின்ன அரங்கில், முழுக்கத் தமிழிலேயே, ஞாயிறு காலைகளில் ஆறு வாரம் நடந்த வகுப்பு இது. பொருள், உலகத்துப் பிரளயக் கதைகள். அவற்றை எழுத்துக்கு எழுத்து நம்பலாமா என்ற கேள்வி. கட்டணம் ஆளுக்கு 1,800 ரூபாய், டிபனும் காபியும் உட்பட. மழைக்காலம் முடிந்ததும் அடுத்த சுற்று தொடங்குமாம். சேரலாமா என்று செம்பூரில் பலர் கேட்கிறார்கள். தாராளமாகச் சேருங்கள். ஆனால் ஐந்தாம் வாரத்தில் எனக்குப் பெரிய குறை உண்டு, அதையும் எழுதியே தீரவேண்டும்.

வகுப்பெடுத்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியை. பக்தி உள்ளவர், தினமும் கோயிலுக்குப் போகிறவர் என்று அவரே சொன்னார். யாருடைய நம்பிக்கையையும் கிண்டல் செய்யவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் அதுவே பாதி வெற்றி.

முதல் வாரம் நம் ஊர்க் கதைகள். பிரளயத்தில் சிவன் தோணியில் வந்து தங்கிய சீர்காழி, அதனால் அதற்குத் தோணிபுரம் என்று ஒரு பெயர். அமுத கும்பம் மிதந்து வந்த கும்பகோணம். அப்புறம் மச்ச அவதாரம். இங்கே அவர் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே கதையின் மூன்று வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். சதபத பிராமணத்தில் மனு காலையில் கை கழுவும்போது மீன் கையில் வருகிறது. அதை ஜாடியில் வளர்க்கிறார், பிறகு குழியில், பிறகு கடலில். அந்த மீன் யார் என்று அங்கே பேச்சே இல்லை. மகாபாரதத்தில் அந்த மீன் தன்னைப் பிரம்மா என்று சொல்கிறது. பாகவதத்துக்கு வந்தால்தான் அது விஷ்ணு. அங்கே மனுவின் இடத்தில் நிற்பவர் சத்தியவிரதன் என்ற திராவிட மன்னர், இடம் கிருதமாலை ஆற்றங்கரை. கிருதமாலையை மதுரைப் பக்கத்து ஆறு என்பார்கள், வைகையே அதுதான் என்பவர்களும் உண்டு. வகுப்பில் இருந்த மதுரைக்காரர்களுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பேராசிரியை அம்மா மெதுவாகக் கேட்டார்: "அப்படியே நடந்ததுன்னு எடுத்துக்கிட்டா, இந்த மூணுல எதை எடுத்துக்கிறது?" யாரிடமும் பதில் இல்லை.

இரண்டாம் வாரத்துக்காக மட்டுமே பணம் கட்டலாம். பாபிலோனியக் கதை. இன்றைய ஈராக்கில் உள்ள பழைய நகரம் நினிவேயில், அசீரிய மன்னர் அசூர்பானிபாலின் நூலகத்தில் இருந்த களிமண் பலகையை 1872ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் படித்தபோதுதான், பைபிளின் நோவா கதைக்கு இவ்வளவு நெருக்கமான இன்னொரு கதை இருந்தது உலகத்துக்குத் தெரிந்தது. அதில் வெள்ளம் ஆறு பகல் ஏழு இரவு. புறா, தகைவிலான், காகம் என்று வரிசையாகப் பறவைகளை விடுகிறார்கள். காகம் திரும்பி வரவில்லை. அதைவிடப் பழைய ஒரு பலகை, சுமார் கி.மு. 1750ஐச் சேர்ந்தது, 2014ல் இர்விங் ஃபிங்கல் வெளியிட்டார். அதன்படி கப்பல் வட்டவடிவம், தளத்தின் பரப்பு 3,600 சதுர மீட்டர், கயிற்றைச் சுற்றிச் சுற்றிப் பின்னிக் கீல் பூசவேண்டும். இதைச் சொல்லிவிட்டு மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பரிசலை எடுத்து வைத்தார். ஒகேனக்கல் பரிசலேதான், விளையாட்டுச் சாமான் அளவில். மூங்கில் பிளாச்சுகளை எப்படிக் குறுக்கே கோத்திருக்கிறது, தார் எங்கே பூசியிருக்கிறது என்று எல்லார் கைக்கும் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். கையில் வைத்துப் பார்த்தால் உடனே புரிகிறது: முன்பக்கம் பின்பக்கம் இல்லாத படகு எங்கேயும் போவதற்காகச் செய்ததில்லை, மிதந்து கிடப்பதற்காகச் செய்தது. அந்தப் பலகையில் உள்ளபடி சின்ன அளவில் ஒரு படகை நம் கேரளத்திலேயே கட்டி மிதக்க விட்டிருக்கிறார்கள் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் வாரம் பைபிளின் நோவாவும், அவரையே குர்ஆன் சொல்லும் நூஹ் நபியும். இங்கே நானும் வாயைத் திறந்தேன், ஏனென்றால் இது என் தொழில். மழைநீர் வடிகால் கணக்குப் போட்டே பிழைத்தவன் நான். காற்றில் இருக்கிற ஈரம் முழுவதும் ஒரே நேரத்தில் மழையாக விழுந்தாலும் பூமி முழுக்கச் சராசரியாக 25 மி.மீ. அளவுக்குத்தான் நிற்கும். உலகத்துப் பனி மொத்தமும் உருகினால் கடல் 70 மீட்டர் போல ஏறும். பயங்கரம்தான், மும்பையில் பாதி போய்விடும். ஆனால் நோவாவின் பேழை தங்கியதாகச் சொல்லும் அராரத் மலை 5,137 மீட்டர். எவரெஸ்ட் வரை மூடவேண்டும் என்றால் இன்றைக்கு இருக்கும் கடல்களைப் போல மூன்று மடங்கு தண்ணீர் கூடுதலாக வேண்டும். அது எங்கிருந்து வந்தது, வடிந்து எங்கே போனது? வடிகால்காரன் முதலில் கேட்கிற இரண்டு கேள்வியும் இவைதான், இரண்டுக்கும் பூமியில் விடை கிடையாது.

தாராவியிலிருந்து வந்த ஒரு தூத்துக்குடி அம்மா எழுந்து, "அப்போ எங்க வேதம் பொய்யுன்னு சொல்றீங்களா சார்?" என்று என்னைக் கேட்டார். குரல் நடுங்கியது. நான் 2005 ஜூலை 26ஐச் சொன்னேன். அன்று சாந்தாகுரூஸில் பதிவான மழை 944 மி.மீ. அதே நாளில் கொலாபாவில் 73 மி.மீ. சொச்சம். இரண்டுக்கும் நடுவே இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை. இந்த நகரத்தின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்காகக் கணக்கிட்டவை, மீட்டி ஆறு எங்கே என்றே தெரியாத அளவுக்கு எல்லாம் ஒரே தண்ணீர். குர்லாவிலும் கலீனாவிலும் அன்று இரவு மாடியில் நின்றவரைக் கேட்டால் உலகமே முழுகியது என்பார். அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வார்த்தையை வைத்துக்கொண்டு கொலாபாவும் முழுகியது என்று நான் அறிக்கை எழுதினால், அது பொய். "அந்தக் காலத்துல ஒருத்தருக்குத் தெரிஞ்ச உலகம் யூப்ரடீஸ், டைக்ரிஸ்னு ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருந்த சமவெளிதாம்மா," என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியாது, ஆனால் கடைசி வாரம் வரை தவறாமல் வந்தார். நூஹ் நபியின் வெள்ளம் அவருடைய சமுதாயத்துக்கு மட்டும் வந்தது என்று கொள்ளும் இஸ்லாமிய உரைகாரர்களும் உண்டு என்று பேராசிரியை அப்போது எடுத்துச் சொன்னது நல்ல சமயத்தில் வந்தது.

நான்காம் வாரம் மண்ணும் பாறையும். ஈராக்கில் 'ஊர்' என்ற பழைய நகரத்தில் லியோனார்ட் வூலி 1929ல் கண்ட வண்டல் அடுக்கு, அங்கேயே இன்னொரு பழைய நகரமான சுருப்பாக்கில் கி.மு. 2900 வாக்கில் படிந்த அடுக்கு. இரண்டுக்கும் இடையே பல நூறு ஆண்டு வித்தியாசம், ஆகவே ஒரே பிரளயம் இல்லை, பல வெள்ளங்கள். இதை இன்னும் நேரம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சீனத்து யூ மன்னர் கதையைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள் என்பது எனக்கு வருத்தம். மற்ற எல்லாக் கதையிலும் ஒருவர் படகில் ஏறித் தப்பிக்கிறார். அங்கே அப்பா அணை கட்டித் தோற்கிறார். மகன் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிக்கிறார். மஞ்சள் ஆற்றில் கி.மு. 1920 வாக்கில் மலைச்சரிவால் அடைபட்ட தண்ணீர் உடைத்துக்கொண்டு போனதன் தடயத்தை 2016ல் ஒரு ஆய்வுக்குழு வெளியிட்டது. அதுதான் யூ கதையின் வெள்ளமா என்ற விவாதம் தீரவில்லை.

இப்போது ஐந்தாம் வாரம். கடல்கோள், அதாவது தமிழ் நிலத்தைக் கடல் விழுங்கியது என்ற கதை. இதற்கு மட்டும் வெளியிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்திருந்தார்கள். கடலில் மூழ்கியதாகச் சொல்லும் குமரிக்கண்டத்தின் வண்ண வரைபடம், மடகாஸ்கர் முதல் ஆஸ்திரேலியா வரை. அரங்கில் ஒரே கைதட்டல். நோவாவைக் கேட்ட கேள்வியில் ஒன்றைக்கூட யாரும் இங்கே கேட்கவில்லை.

எனக்கு அது வலித்தது. சிலப்பதிகாரம் பஃறுளியாற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டது என்கிறது. அந்த வரிகளைப் படித்தால் எனக்கும் சிலிர்க்கும். ஆனால் குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லும் லெமூரியா என்பது லெமூர் என்ற விலங்கு மடகாஸ்கரிலும் அதன் எச்சங்கள் இந்தியாவிலும் இருப்பதை விளக்க 1864ல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் சொன்ன யோசனை. கண்டத்தட்டுகள் நகர்வது 1960களில் உறுதியான பிறகு அதற்கு வேலையில்லை. கடல்கோள் கதையோடு வரும் மூன்று சங்கங்களுக்கு இறையனார் அகப்பொருள் உரை தரும் ஆண்டுகள் 4,440, 3,700, 1,850. மூன்றும் 37ஆல் மீதியின்றி வகுபடும். ஒரு அளவுப் புத்தகத்தில் இப்படி எண்கள் வந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நமக்கு உண்மையாகவே கடல் கொண்ட நிலம் இருக்கிறது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் போலத் தாழ்ந்திருந்தது. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பூம்புகார் கரையில் உறைகிணறுகளையும் செங்கல் கட்டடங்களையும் அலை இன்றைக்கும் நனைக்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஒரே இரவில் போனது, பார்த்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். இத்தனையும் இருக்கும்போது இல்லாத கண்டத்தை எதற்குப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும்? வகுப்பில் பத்தாவது படிக்கிற பிள்ளைகள் நான்கைந்து பேர் இருந்தார்கள், அந்தப் படத்தைக் கைபேசியில் எடுத்துக்கொண்டார்கள். பேராசிரியை அன்று முழுக்க மௌனமாக இருந்தார். விருந்தாளி என்ற மரியாதையாக இருக்கலாம். இருந்தாலும் பேசியிருக்க வேண்டும்.

ஆறாம் வாரம் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம். அங்கே அசீரிய அரண்மனைச் சிற்பப் பலகைகளைப் பலர் பார்க்காமலே கடந்துவிடுவார்கள். நுழைவுச்சீட்டு தனி.

வசதிகள்: ஒலிபெருக்கி மோசம், முன்வரிசையில் உட்காருங்கள். மாடி ஏற மின்தூக்கி இல்லை, முட்டிவலிக்காரர்கள் யோசிக்கவும். கையில் தரும் குறிப்புகள் நன்றாக இருக்கின்றன, ஐந்தாம் வாரத்தைத் தவிர. காபி முதல் தரம்.

நிர்வாகிகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்: அடுத்த சுற்றில் கடல்கோளையும் பேராசிரியை அம்மாவே எடுக்கட்டும், தண்ணீர்க் கணக்கு வேண்டுமானால் நான் காசு வாங்காமல் போட்டுத் தருகிறேன் என்று. சம்மதித்தால் என் பேத்தியையும் சேர்க்கிறேன்.