ஞாயிறு காலையில் வரும் பத்து இணைப்புகள்: ஒரு வருடம் காசு கட்டிப் படித்த அனுபவம்

ஞாயிறு காலை ஆறரைக்கு வாட்ஸ்அப்பில் பத்து இணைப்பு வரும், ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழில் இரண்டு மூன்று வரி. விஞ்ஞானம், தொழில்நுட்பம், ஊர் உலக நடப்பு எல்லாம் கலந்துதான். மாதம் 200 ரூபாய். அனுப்புகிறவர்களின் பெயரை எழுதவில்லை, திட்டவும் போகிறேன் என்பதால்.

முதலில் நல்லது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை இலங்கை முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று அமைச்சர் சொல்ல, "அங்க குரங்கு பாஞ்சா மட்டக்களப்பில எப்படிடா ஃபேன் நிக்கும்?" என்று அப்பா என்னைக் கேட்டார், ஏதோ நான்தான் அதை அவிழ்த்துவிட்ட மாதிரி. அடுத்த ஞாயிறு வந்த இணைப்பின் கீழ் விடை இருந்தது: விடுமுறை நாள், பாவனை குறைவு, வெயிலுக்குச் சோலார் மின்சாரம் அதிகம், நீர்மின், அனல்மின் நிலையங்களில் சுற்றுகிற கனத்த இயந்திரங்கள் ஒரு அடியைக் கொஞ்சம் தாங்கும், சோலார் பலகையில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை, அதனால் ஓரிடத்துக் கோளாறு முழு நாட்டையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. வாசித்துக் காட்டினேன். "அப்ப குரங்கில மட்டும் பிழையில்ல" என்றார்.

அதே ஞாயிறுதான் 2024 வைஆர்4 விண்கல் கதையும். 2032 டிசம்பர் 22இல் பூமியில் மோத 2 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று கண்டதும் பெரியம்மா அதைக் குடும்பக் குழுவில் போட்டு, மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தியும் வைத்துவிட்டார். பெப்ரவரி 18ஆம் திகதி 3.1 சதவீதம் வரை ஏறியது, பிறகு அவதானிக்க அவதானிக்கப் பாதை துல்லியமாகி, அடுத்த ஞாயிறுக்குள் வாய்ப்பு வெகுவாக இறங்கிவிட்டது. அந்தத் திருத்தத்தைக் கடைசியில் ஒளிக்காமல் முதல் இணைப்பாகவே போட்டிருந்தார்கள். நான் காசு கட்டுவது இதற்குத்தான். (நேர்த்தி பலித்தது என்கிறார் பெரியம்மா.)

இனித் திட்டு. பென்னு விண்கல்லிலிருந்து நாசா 2023இல் கொண்டுவந்த 121.6 கிராம் மாதிரியில், நம் உடம்புப் புரதங்களுக்கு வேண்டிய 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன என்று இரண்டு வரி. ஏ/எல் படிக்கிற தங்கச்சி ஆசையாகத் தட்டினாள். வட்டம் சுற்றிச் சுற்றி, வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றின் தலைப்பும் பாதிப் பந்தியும் வந்து, மிச்சத்துக்கு டொலர் கார்ட் கேட்டது. நாசா தன் தளத்தில் சும்மாவே தருகிற விஷயம், அந்த இணைப்பைப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

மொழிபெயர்ப்பை மெஷினிடம் விட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள் என்றும் சந்தேகம். 2025 டிசம்பரில் அவுஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் டிக்டொக், இன்ஸ்டாகிராமில் கணக்கு வைக்கத் தடை வந்ததல்லவா, அதற்கு, ஆங்கிலத்தில் சமூக ஊடகங்களைக் குறிக்கிற "பிளாட்ஃபோர்ம்" என்ற சொல்லை அப்படியே மேடையாக்கி, இவர்கள் எழுதியது "சிறுவர் மேடைகளில் ஏறத் தடை". பேச்சுப் போட்டியையும் நிறுத்திவிட்டார்களா என்று அம்மா கேட்டார்.

கிழக்கு மாகாணத்திலிருந்து வருடம் முழுக்க ஒரு இணைப்புக்கூட இல்லை. மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடியில் கேட்கிற பாடும் மீன் சத்தத்தைப் பற்றி ஏதாவது ஆய்வு இருந்தால் போடுங்கள் என்று எழுதினேன், ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. இந்த மாதக் காசையும் கட்டிவிட்டேன், சரி.