விற்க எதுவும் இல்லாத ஆலோசகர்: நியூ ஜெர்சி ‘ஷிப்’ சேவை பற்றி

65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு மெடிகேர். எங்கள் வீட்டுக்கு அது வந்தது வயதினால் இல்லை. என் வீட்டுக்காரருக்கு இப்போது 53. முதுகுத்தண்டில் அடிபட்டதில் கால்கள் அசையாது, கைகளிலும் பலம் குறைவு. பவர் வீல்சேரில்தான் எல்லாம். உடல்நலக் குறைவுக்கான (டிசெபிலிட்டி) சோஷியல் செக்யூரிட்டி பணத்துக்குத் தகுதியாகி 24 மாதம் ஆனால், 65 வயது ஆகாவிட்டாலும் மெடிகேர் அட்டை தானாக வீடு தேடி வரும். ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

அட்டை வந்த கையோடு தெரிந்தவர் ஒருவர் ஒரு ஏஜென்ட்டை அனுப்பிவைத்தார். நல்ல மனிதர்தான், தமிழிலேயே பேசினார். மாதப் பிரீமியம் பூஜ்யம், பல், கண்ணாடி, ஜிம் எல்லாம் இலவசம் என்று ஒரு அட்வாண்டேஜ் பிளானை (மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாகத் தருவது) எடுத்து நீட்டினார். கழுத்துக்குக் கீழே சரியாக அசைய முடியாதவருக்கு ஜிம்! வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, “இவர் நல்லவர்தான், ஆனா இவருக்கு இதுல கமிஷன் இருக்கு. கமிஷன் இல்லாத ஆள் யாராவது இருக்காங்களா பாரேன்” என்றார்.

இருக்கிறார்கள். அதுதான் ‘ஷிப்’. மத்திய அரசுப் பணத்தில் எல்லா மாநிலங்களிலும் நடக்கும் இலவச மெடிகேர் ஆலோசனை. கலிஃபோர்னியாவில் இதற்கே ‘ஹைகேப்’ என்று பெயர். நியூ ஜெர்சியில் கவுண்டிவாரியாக நடக்கிறது. ஆலோசகர்களில் பலர் பயிற்சி பெற்ற தொண்டர்கள். எந்த பிளானையும் விற்க மாட்டார்கள்.

எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற ஓர் அம்மா. உட்கார்ந்ததும் பிளான்களைப் பற்றிப் பேசவே இல்லை. “பார்க்கிற டாக்டர்கள் பெயரையெல்லாம் சொல்லுங்கள், மருந்துகளைச் சொல்லுங்கள்” என்றார். அப்புறம் கேட்டதுதான் எனக்குப் பிடித்தது: “வீல்சேரை யார் ரிப்பேர் செய்கிறார்கள்?”

அந்தக் கேள்வியை எங்களிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. இவருடைய வீல்சேர் கடையில் வாங்கி உட்காருகிற சாமான் இல்லை. சாய்கிற இருக்கை, தலைத் தாங்கி, புண் வராமல் காக்கும் மெத்தை எல்லாம் அளவெடுத்துச் செய்தவை. அந்த வேலை தெரிந்த சப்ளையர்கள் கொஞ்சம் பேர்தான். பிளானின் நெட்வொர்க்கில், அதாவது அதோடு ஒப்பந்தம் உள்ளவர்கள் பட்டியலில், டாக்டர் இருந்தாலும் சப்ளையர் இல்லாவிட்டால், ஒரு மோட்டார் பழுதானாலும் ஆள் படுக்கையில்தான் கிடக்கவேண்டும். அந்த அம்மா ஏஜென்ட் காட்டிய பிளானின் ‘எவிடன்ஸ் ஆஃப் கவரேஜ்’ (எதெல்லாம் கிடைக்கும், என்ன விதி என்று சொல்வது) புத்தகத்தைத் திரையில் திறந்து, மருத்துவ உபகரணப் பக்கத்துக்கு நேராகப் போனார். முன் அனுமதி வேண்டும் என்றிருந்த வரியைக் காட்டினார். பிறகு எங்கள் முன்னாலேயே அந்தக் கம்பெனிக்கு ஸ்பீக்கரில் ஃபோன் போட்டு, எங்கள் சப்ளையர் பெயரைச் சொல்லிக் கேட்டார். இல்லை என்றார்கள். ரீஹேப் டாக்டரும் இல்லை. அது எச்.எம்.ஓ. பிளான், அவசரச் சிகிச்சை போன்ற சிலவற்றைத் தவிர நெட்வொர்க்குக்கு வெளியே போனால் மொத்தமும் நம் தலையில். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சரி, அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேரிலேயே இருந்துவிடலாமா? அங்கே மெடிகேரை ஏற்கிற எந்த டாக்டரிடமும் போகலாம், பரிந்துரைச் சீட்டு வேண்டாம். ஆனால் பார்ட் பி, அதாவது டாக்டர், உபகரணம் போன்றவற்றின் செலவில் 20 சதவீதம் நம்முடையது, அதற்கு உச்சவரம்பே கிடையாது. அட்வாண்டேஜ் பிளானில் வரம்பு உண்டு: 2025-ல் நெட்வொர்க்குக்குள் அதிகபட்சம் 9,350 டாலர். அந்த 20 சதவீதத்தை அடைக்க மெடிகேப் என்ற துணைக் காப்பீடு வாங்கலாம் என்று பார்த்தால், 65-க்குக் கீழே இருப்பவருக்கு அதை விற்றே ஆகவேண்டும் என்று மத்திய சட்டம் சொல்லவில்லை. மாநிலத்தைப் பொறுத்த விஷயம். நியூ ஜெர்சியில் வழி இருக்கிறது, நாங்கள் அந்தப் பக்கமே போனோம். பக்கத்து மாநிலத்துச் சொந்தக்காரரின் கணக்கை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

எதில் சேரவேண்டும் என்று அந்த அம்மா கடைசிவரை சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது விதி. “நீங்களே சொல்லிடுங்களேன்” என்று கேட்டுப் பழகிய நம்மவர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கும் கொஞ்சம் இருந்தது. அரை நட்சத்திரம் அதற்காகக் குறைக்கிறேன், நியாயமில்லைதான்.

கேட்காமலே ஒன்று சொன்னார்: அட்வாண்டேஜ் பிளான் எதையாவது மறுத்தால், “இல்லையாம்” என்று விட்டுவிடக்கூடாது. கடிதத் தேதியிலிருந்து 65 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். தாமதித்தால் உடம்புக்குக் கெடுதல் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் 72 மணி நேரத்தில் பதில் சொல்லவேண்டும். கம்பெனி மறுபடியும் மறுத்தால் கோப்பு வெளியில் உள்ள பரிசீலனைக் குழுவுக்குத் தானாகவே போய்விடும். எங்களுக்கு இப்போது தேவைப்படாது, ஆனால் அட்வாண்டேஜ் பிளானில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு இதை அப்படியே சொன்னேன்.

கிளம்பும்போது ‘என்.ஜே.சேவ்’ விண்ணப்பத்தையும் நிரப்ப வைத்தார். ஒரே விண்ணப்பத்தில் பல உதவிகளுக்குப் பார்த்துவிடுவார்கள். அதில் ‘பாட்’ என்கிற மாநில மருந்து உதவி, 65 ஆகாத, உடல்நலக் குறைவுக்கான பணம் வாங்குகிறவர்களுக்கும் உண்டு. வருமான வரம்புக்குள் இருந்தால் ஜெனரிக் மருந்துக்கு 5 டாலர், பிராண்டுக்கு 7 டாலர். சேமிப்பு எவ்வளவு என்று கேட்பதில்லை. இவ்வளவு நாள் இது தெரியாமல் பார்மசியில் கொட்டிக்கொடுக்கும் குடும்பங்கள் நம்மவர்களிலேயே எத்தனை இருக்குமோ.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை பிளான் மாற்றும் காலம், அப்போது நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு. புதிதாக அட்டை வருகிறவர்கள் அந்தத் தேதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை, அட்டை தொடங்கும் மாதத்தையொட்டி அவர்களுக்குத் தனிக் காலம் உண்டு. வீட்டில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சிரமம் என்றால் முன்பதிவின்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். பார்வை குறைந்தவர்களுக்கு மெடிகேர் கையேடு பெரிய எழுத்திலும் பிரெயிலிலும் ஒலி வடிவிலும் கிடைக்கும், கேட்டால்தான் அனுப்புவார்கள். மெடிகேர் இல்லாமல், வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்ட் மட்டும் இருப்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது, அவர்கள் நியூ ஜெர்சியின் மெடிகெய்ட் திட்டமான என்.ஜே. ஃபேமிலிகேர் பக்கம் போகவேண்டும்.

ஐந்துக்கு நாலரை.