சூத்திரம் முதலா, வாய்க்கால் முதலா?

கும்பகோணத்தில் கல்லூரி விட்டு வந்ததும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் ஐந்து பேருக்குக் கணக்கும் இயற்பியலும் சொல்லித் தருகிறேன். இரண்டு வழிகளையும் முயன்று பார்த்தாயிற்று.

ஒன்று, சூத்திரத்தைப் பலகையில் எழுதிவிட்டு அதே மாதிரி பத்துக் கணக்கு போட வைப்பது. தேர்வுக்கு முந்தின நாள் இதுதான் கைகொடுக்கும். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால், "அண்ணா, இது நடத்தலையே" என்பார்கள்.

இன்னொன்று, கண்ணெதிரே இருப்பதிலிருந்து தொடங்குவது. டிஎம்சி என்றால் 100 கோடி கன அடி. மேட்டூரிலிருந்து ஒரே நாளில் 1 டிஎம்சி வர வேண்டுமானால் விநாடிக்கு எத்தனை கன அடி திறக்க வேண்டும்? ஒரு நாளுக்கு 86,400 விநாடி. வகுத்தால் சுமார் 11,574. அப்புறம் வாய்க்கால் கரைக்குப் போவோம். குறுகும் இடத்தில் தண்ணீர் ஏன் விரைகிறது? பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால் எங்கும் ஒரே அளவுதான். பரப்பு பாதியானால் வேகம் இரட்டிப்பு. காகிதக் கப்பல் விட்டுப் பார்த்த பிறகு தொடர் சமன்பாடு என்ற இந்தச் சூத்திரத்தை யாரும் மனப்பாடம் செய்யவில்லை.

குறை, நேரம். ஒரு மாலை முழுக்க ஒரே பாடம்தான் நகரும். எல்லாவற்றுக்கும் பொருந்தவும் பொருந்தாது. கணக்கில் வரும் கலப்பெண்ணுக்கு (complex number) வாய்க்காலில் உதாரணம் தேடி ஒருநாள் அசடு வழிந்தேன். அதனால் இயற்பியலுக்கு வாய்க்கால்தான் என்று முடிவு செய்துவிட்டேன். கணக்கில் பாதிக்குப் பாதி பலகைதான். திருப்புதல் தேர்வு வந்துவிட்டால் சரி, எல்லாமே பலகைதான்.