பெத்கெலர்ட்டா, பொன்ட்நெத்வெக்கனா?

வேல்ஸில் நடக்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, எந்த ஊருக்குப் போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டு பெயர்கள். வடக்கே எரிரி (ஸ்னோடோனியா) மலைகளுக்கு நடுவே பெத்கெலர்ட். தெற்கே, கார்டிஃபிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பொன்ட்நெத்வெக்கன்.

ஊர் என்று பார்த்தால் பெத்கெலர்ட்தான். கொல்வின் ஆறு கிளாஸ்லினில் கலக்கும் இடத்தில் கல்வீடுகளும் கல்பாலமுமாக அமைந்த ஊர். ஆற்றோரமாகச் சில நிமிடம் நடந்தால் கெலர்ட் என்ற வேட்டை நாயின் கல்லறை. வேட்டையிலிருந்து திரும்பிய இளவரசன் லெவலின், கவிழ்ந்த தொட்டிலையும் நாயின் வாயில் இரத்தத்தையும் பார்த்து அதை வாளால் குத்திவிடுகிறான். அதற்குப் பிறகுதான் குழந்தையின் அழுகை கேட்கிறது. பக்கத்தில் ஓநாய் செத்துக் கிடக்கிறது. நமக்கு இது தெரிந்த கதை. பிள்ளையைக் காத்த கீரியைக் கொன்றுவிட்டுத் தவித்த பார்ப்பனப் பெண்ணுக்குக் கோவலன் உதவியதைச் சிலப்பதிகாரத்தில் மாடலன் என்ற மறையவன் நினைவுகூர்வான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே விடுதி நடத்தியவர், பயணிகளை வரவழைக்க அந்தக் கல்லறையை எழுப்பினார் என்பார்கள். இருந்தாலும் அதன் முன் நிற்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

இங்கே நடக்க வேண்டிய பாதை, ஆற்றோடு ஒட்டிப் போகும் மீனவர் பாதை. அபெர்கிளாஸ்லின் கணவாயில் பாறை நெருக்கும் இடங்களில் இரும்புப் பிடிகளைப் பற்றிக்கொண்டு கடக்க வேண்டும். பிறகு க்வும் பிஹன் பள்ளத்தாக்கில் ஏறினால், தாமிரச் சுரங்கத்துக்காக 1920களில் நட்ட கம்பிவடத் தூண்கள் துருவேறி நிற்கின்றன. அங்கிருந்து தினாஸ் ஏரிக்கு இறங்கி ஊர் திரும்பினால் ஏறக்குறைய 9 கிலோமீட்டர்.

பொன்ட்நெத்வெக்கன் ஊராக அவ்வளவு மனதில் நிற்காது. அது அருவிகளுக்கு வாசல், அவ்வளவுதான். ஆனால் அந்த வாசலைத் தாண்டினால் பெத்கெலர்ட்டில் கிடைக்காத ஒன்று கிடைக்கும். ஸ்கூட் அர் எய்ரா, அதாவது பனி அருவி. மென்மையான பாறை அரித்துப்போக, மேலே கடினமான பாறை கூரைபோல் நீட்டி நிற்கிறது. அதனடியில், விழும் நீர்த்திரைக்குப் பின்னால் நாம் நடந்து போகலாம். பேச்சு காதில் விழாது, உடம்பு நனையும், வழுக்கும். நல்ல பிடிமானமுள்ள காலணி இல்லாமல் அங்கே இறங்கவே கூடாது. திரும்பும்போது ஏற வேண்டிய படிகளும் ஏராளம். அவ்வளவு ஏற முடியாதவர்கள் ஊரிலிருந்தே தொடங்கும் எலிடிர் பாதையில் ஸ்கூட் குலாடிஸ் அருவிவரை போய் வரலாம்.

இதே பக்கத்தில், மெல்ட்டே ஆற்றங்கரையில் 1857 முதல் 1931 வரை இயங்கிய வெடிமருந்து ஆலையின் இடிபாடுகளும் உண்டு. ஒன்று வெடித்தால் மற்றதற்குப் பரவாமல் இருக்கக் கட்டடங்களைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள்.

கார் இல்லாதவர்களுக்கு பெத்கெலர்ட் நல்லது. பருவ காலத்தில் போர்த்மடோக்கிலிருந்தும் கெர்னார்ஃபனிலிருந்தும் குறுகிய தண்டவாள நீராவி ரயில் ஊருக்கே வருகிறது. வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கும் அதுவே சரி. கல்லறைவரை பாதை சமதளம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள், கால் வலுவாக இருக்கிறது என்றால் யோசிக்காமல் தெற்கே போங்கள். அந்த மழைநீரை அன்றைக்கு அருவியில் பார்க்கலாம். கனமழை பெய்துகொண்டே இருந்தால் மட்டும் அருவிக்குப் பின்னால் போக வேண்டாம், எதிரே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.