ஐ-பில் வகை மாத்திரை: மருந்து நல்ல மருந்து, வாங்குவதுதான் பெரும்பாடு

காண்டம் கிழிந்துவிட்டது, அல்லது போடவே இல்லை, இப்போது என்ன செய்வது என்று பதறிக்கொண்டு படிப்பவர்களுக்கு முதலில் பதில். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அவசரக் கருத்தடை மருந்து, 1.5 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை, உறவு கொண்ட 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். மூன்று நாள் இருக்கிறதே, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று உட்காராதீர்கள், எவ்வளவு சீக்கிரம் போடுகிறீர்களோ அவ்வளவு பலன்.

சரி, இனி விமர்சனம். ஐ-பில், அன்வான்டட் 72 என்று பெயர்தான் வேறு வேறு, உள்ளே இருப்பது ஒரே மருந்து, ஒரே அளவு. 2007-இல் சிப்லா கொண்டுவந்த ஐ-பில் 2010-இல் பிரமல் கைக்குப் போனது, டிவியில் ஓடிய விளம்பரத்தால் இந்த வகை மாத்திரைக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதனால் ஒரு பிராண்டு இல்லையென்றால் இன்னொன்றை வாங்கலாம், எது ஒஸ்தி என்று ஆராய்ச்சி வேண்டாம். விலையும் நூறு ரூபாய் பக்கம்தான். பெட்டியைப் பிரித்தால் ஒரு அட்டை, அதன் நடுவில் குட்டியாக ஒரு மாத்திரை, கூடவே எட்டாக மடித்த ஒரு தாள். அந்தத் தாளைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள், கடைக்காரர் சொல்லாத எல்லாம் அதில் இருக்கிறது.

இது கருமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடுகிறது, வேலை அவ்வளவுதான். விந்தணு உடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான், அந்த இரண்டும் சந்திக்காமல் பார்த்துக்கொள்கிறது. முட்டை ஏற்கெனவே வெளியே வந்திருந்தால் பெரிதாக உதவாது. ஏற்கெனவே தங்கிவிட்ட கருவை இது கலைக்காது, கலைப்பதற்கான மாத்திரை வேறு, அதை டாக்டர் இல்லாமல் தொடவே கூடாது. 24 மணி நேரத்துக்குள் போட்டால் 95 சதவீதம், இரண்டாவது நாள் 85, மூன்றாவது நாள் 58 என்று ஒரு கணக்கு எல்லா இடத்திலும் சுற்றுகிறது, உலக சுகாதார நிறுவனத்தின் பழைய ஆய்வு அது. மாத்திரை இல்லாவிட்டால் உண்டாகியிருக்கக்கூடிய கர்ப்பங்களில் எத்தனை தடுக்கப்பட்டன என்பதுதான் அந்தச் சதவீதம். மூன்றாம் நாள் போட்ட நூறு பேரில் 42 பேர் கர்ப்பமாவார்கள் என்று நினைத்துப் பயப்படத் தேவையில்லை.

இப்போது கடைக்கு வருவோம். இந்த மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டாம் என்று 2005-லேயே மத்திய அரசு விலக்கு கொடுத்தது. ஆனாலும் சென்னையில் இது குதிரைக்கொம்பு. எனக்குத் தேவைப்பட்டது ஒரு சனிக்கிழமை ராத்திரி. வீட்டுக்காரர் போன முதல் மெடிக்கலில் ஸ்டாக் இல்லை என்றார்கள், அடுத்ததில் சீட்டு கேட்டார்கள், தெருமுனையில் இருக்கும் பெரிய கடையில் கல்லாவில் இருந்தவர் நாலு பேர் காதில் விழ "எத்தனை மாசம் சார்?" என்றாராம். கருத்தடைக்கும் கருக்கலைப்புக்கும் வித்தியாசம் தெரியாதவர் மருந்துக் கடையில் நிற்கிறார். கல்யாணமான ஆம்பளைக்கே இந்த மரியாதை என்றால், தனியாகப் போய் நிற்கும் ஒரு காலேஜ் பெண்ணை என்ன பாடு படுத்துவார்கள்? பெங்களூரில் இருக்கும் என் தோழிக்கு இதைச் சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறாள், அங்கே இருமல் மிட்டாய் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்களாம். கடைசியில் மறுநாள் காலை ஒரு லேடி டாக்டர் கிளினிக்கில், அவர்களே வைத்திருந்த மருந்தகத்தில் கிடைத்தது. நேரம்தான் இந்த மருந்துக்கு உயிர், அந்த நேரத்தைக் கடைகள் தின்றுவிடுகின்றன.

அந்த டாக்டர் கேட்ட கேள்விகள் உருப்படியானவை. எடை எவ்வளவு (70 கிலோவுக்கு மேல் இருந்தால் பலன் குறையலாமாம்), வலிப்புக்கோ டிபிக்கோ மருந்து சாப்பிடுகிறாயா, கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய். போட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும் என்றார். எனக்கு வாந்தி இல்லை, லேசான குமட்டல், ஒரு நாள் முழுக்கத் தலை பாரம், அப்புறம் இடையில் கொஞ்சம் ரத்தம் பட்டது, பீரியட்ஸும் தள்ளித்தான் வந்தது. இதெல்லாம் சகஜம்தான். பால் கொடுப்பவர்களும் போடலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது, ஒரு தடவை போட்டுவிட்டால் அந்த மாதம் முழுக்கப் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை, மறுநாளே காண்டம் இல்லாமல் இருந்தால் மறுபடி அதே ஆபத்துதான்.

யாரும் சொல்லாத இன்னொரு வழி, கருப்பைக்குள் டாக்டர் வைக்கும் காப்பர் டி. ஐந்து நாளுக்குள் வைத்துவிட்டால் 99 சதவீதத்துக்கும் மேல் தடுக்கும், மாத்திரையை விட எவ்வளவோ மேல், எடை ஒரு பொருட்டே இல்லை, 380ஏ வகையை வைத்தால் பத்து வருஷத்துக்குக் கவலையும் விட்டது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். வைக்கும்போது வலிக்கும், முதல் சில மாதம் உதிரப்போக்கு அதிகமாக இருக்கலாம், அதைப் பூசி மெழுக மாட்டேன். அரசின் குடும்பநலத் திட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசியும், ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையும் உண்டு, இரண்டும் காசில்லாமல். ஆனால் இவை முன்கூட்டியே எடுப்பவை, நடந்த பிறகு உதவாது. அவசர மாத்திரையும் ஈஸி பில் என்ற பெயரில் அரசு வழங்குவதுதான், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், பணம் மிச்சம். பால்வினை நோயையும் எச்ஐவியையும் இவை எதுவும் தடுக்காது, எச்ஐவி பயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் எச்ஐவிக்கு மருந்து தரும் ஏஆர்டி மையத்துக்கு உடனே போக வேண்டும், அங்கேயும் 72 மணி நேரக் கணக்குதான்.

பீரியட்ஸ் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் கார்டு டெஸ்ட் எடுங்கள். நாள் கணக்கு தெரியாதவர்கள் உறவு கொண்ட நாளிலிருந்து மூன்று வாரம் கழித்து எடுக்கலாம், அதற்கு முன் எடுத்து நெகட்டிவ் வந்தால் நம்ப வேண்டாம். பாசிட்டிவ் வந்தாலும் இந்தியாவில் 1971-ஆம் வருஷச் சட்டத்தின் வரம்புக்குள் கருக்கலைப்பு சட்டப்படியானது, கல்யாணம் ஆகாதவர்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றமே 2022-இல் சொல்லிவிட்டது, மெடிக்கலில் எதையோ வாங்கி விழுங்காமல் டாக்டரிடம் போங்கள்.

மாத்திரைக்கு ஐந்துக்கு நாலு. எங்கள் ஏரியா மெடிக்கல்களுக்கு அரை, அதுவும் ராத்திரி பத்தரைக்குத் திறந்திருந்ததற்காக. தோழி அடுத்த முறை ஊருக்கு வரும்போது இரண்டு பெட்டி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன், எக்ஸ்பைரி தேதி பார்த்து.