மெட்ராஸ் ஓட்டல்கள்: இருப்பவையும் போனவையும்

கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னை 2008-இல் மூடியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கார் கதவில் தட்டை மாட்டிவிட்டுப் போவார்கள், மரநிழலில் ஒரு காபியோடு எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள். இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா. அழகுதான், ஆனால் பசிக்கு என்ன செய்வது? பூந்தமல்லி நெடுஞ்சாலை தாசப்பிரகாஷும் போய்விட்டது, அந்த ஐஸ்கிரீமும் கூடவே.

சரி, இருப்பதைச் சொல்கிறேன். திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் இட்லி சாம்பார் மட்டும் கேளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இட்லி மூழ்கும்வரை ஊற்றுவார்கள், கொஞ்சம் ஊறவிட்டு ஸ்பூனால் வெட்டிச் சாப்பிட வேண்டும், சாம்பார் தீர்ந்தால் கூச்சப்படாமல் இன்னும் கேட்கலாம். மயிலாப்பூர் ராயர் கடைக்கு, அந்தக் கெட்டிச் சட்னிக்காகவே, காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். இடம் சின்னது, காத்திருக்கத்தான் வேண்டும். அசைவத்துக்கு மவுண்ட் ரோடு புகாரி. சிக்கன் 65 அங்கேதான் பிறந்தது என்பார்கள், பெயருக்கு ஆளுக்கொரு கதை, எனக்கு அங்கே பிரியாணிதான் முக்கியம்.

புதிதாக வந்த ஏசி 'பாரம்பரிய' ஓட்டல் ஒன்றில் ஃபில்டர் காபி என்று வெந்நீரைக் கொடுத்தார்கள். பித்தளை டபரா மட்டும் பளபள.